பழைய அறிவியல் சிறுகதைகள், ஒலிப்பதிவாக: அப்பாவுக்காக ஓர் உதவி

வணக்கம். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, கொஞ்ச நாள் கண்ணுக்கு ஓய்வு வேண்டும், அவரோ கதை இல்லாமல் இருக்க முடியாதவர், அதனால் லிப்ரிவாக்ஸ் என்ற ஒலிநூல் தளத்திலிருந்து ஆங்கில அறிவியல் சிறுகதைத் தொகுப்புகளை போனில் இறக்கிக் கொடுத்தேன். தன்னார்வலர்கள் வாசித்தவை, இலவசம். ஆனால் கதைக்குக் கதை குரல் மாறுகிறது, சிலர் வேகமாக வாசிப்பதால் அப்பாவுக்குப் பிடிபடவில்லை. 1909-இல் ஈ.எம். ஃபார்ஸ்டர் எழுதிய ‘தி மெஷின் ஸ்டாப்ஸ்’ மட்டும் இரண்டு முறை கேட்டார். மனிதர்கள் பூமிக்கடியில் தனித்தனி அறைகளில் இருந்துகொண்டு திரையில் பேசிக்கொள்ளும் கதை, அந்தக் காலத்திலேயே!

நிதானமாக, ஒரே ஆள் வாசித்த தொகுப்பு ஏதாவது கேட்டிருந்தால் சொல்லுங்கள். அப்புறம், எச்.ஜி. வெல்ஸ் சிறுகதைகளுக்கு யாருடைய வாசிப்பு நன்றாக இருக்கும்? அரை மணி நேரத்துக்குள் முடிந்தால் அவருக்கு வசதி.