கொழும்பு வெள்ளவத்தையில் கடையை விடச் சொல்கிறார்கள், எங்கே போகலாம்?

ஊசிநூல்:
காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் தையல் கடை வைத்திருக்கிறேன். கட்டடச் சொந்தக்காரர் காலமான பிறகு கனடாவிலிருந்து அவருடைய பிள்ளைகள் வந்து, தொடர்மாடி கட்டுகிறவருக்குக் காணியைப் பேசி முடித்துவிட்டார்கள். தை மாதத்துக்குள் விட வேண்டுமாம். இந்த மாத வாடகையைக் கொண்டுபோனால் வாங்கவே இல்லை.

பக்கத்தில் ரேடியோ திருத்திய இடம் இப்போது கேக் கடை. எதிரே பலசரக்குக் கடை இருந்த இடத்தில் தொடர்மாடிக்காரரின் கார்கள் நிற்கின்றன. ஆட்கள் கூடியிருக்கிறார்கள், கடை போடத்தான் இடமில்லை. ஆடி, ஆவணியில் வெளிநாட்டுக்காரர் வந்திறங்கினால் மூச்சுவிட நேரமிருக்காது. "நாளன்றைக்கு ஃபிளைட், இன்றைக்கே பிளவுஸைத் தாங்கோ" என்று வாசலில் நிற்பார்கள். என் அளவுக் கொப்பியில் பாதிப் பெயர்களுக்குப் பக்கத்தில் லண்டன், ஸ்கார்பரோ என்றுதான் இருக்கும். இடம் மாறினால் இவர்களுக்கு எப்படிச் சொல்வது?

பக்கத்து ஊர் தெஹிவளையா, கடற்கரையோர வீதியான மரைன் டிரைவா?

பழையவாடகைக்காரன்:
அக்கா, முதலில் ஒன்றிலும் கையெழுத்து வைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் கடைகளுக்கும் உண்டு. ஆனால் எல்லாக் கட்டடமும் அதற்குள் வராது; மாநகர சபை வரிக்காகக் கணிக்கும் வருடாந்தப் பெறுமதியையும் ஒப்பந்தத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். வாடகையை வாங்க மறுத்தால் மாநகர சபையில் கட்ட அந்தச் சட்டத்திலேயே வழியிருக்கிறது. நிலுவை விழ விடாதீர்கள், அதைத்தான் பிடிப்பார்கள். பற்றுச்சீட்டுகளோடு ஒரு லோயரைப் பாருங்கள்.

கேக்கடைத்தம்பி:
கேக் கடைக்காரரைத் திட்டாதீர்கள் அக்கா, நாங்களும் வாடகைக்குத்தான் இருக்கிறோம். 90களில் வடக்கிலிருந்து வந்த எங்கள் சனத்துக்காகத்தானே இங்கே தனிவீடுகளை இடித்து மாடி கட்டினார்கள்? அப்போது யாரும் கவலைப்படவில்லை.

தெஹிவளைவாசி:
மரைன் டிரைவ் சாப்பாட்டுக் கடைகளுக்குச் சரி. உப்புக் காற்றில் உங்கள் மெஷின் துருப்பிடித்துவிடும். நான் தெஹிவளைக்குப் போய்ப் பார்த்தவள். வாடகை குறைந்தது, வேலையும் குறைந்தது. வெள்ளவத்தையில் சேலை எடுக்கிறவர் பிளவுஸ் தைக்க இன்னொரு பஸ் ஏற மாட்டார். ஏதாவது புடவைக் கடையின் மாடியில் ஓர் அறை கேளுங்கள்.

ஊசிநூல்:
கேட்டேன். சந்தைக்குக் கிட்ட ஒருவர் தருவாராம், ஆனால் ஒவ்வொரு பிளவுஸுக்கும் கமிஷன் வேண்டுமாம்! வாடகையும் தனி. இன்னும் இரண்டு கடையில் கேட்கப் போகிறேன். திங்கட்கிழமை முதல் வேலை மாநகர சபை.