நார்அட்ரினலின் சிரிஞ்சு மாற்றம்: புதிய நர்ஸ் பிராக்டிஷனர்களை எப்போது தனியே விடுவது?

மதுரைப் பக்கம் ஒரு தனியார் ஐசியு. கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் இரண்டாண்டுப் படிப்பை முடித்துப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு என்னுடையது. பகலில் பக்கத்தில் ஆள் நின்றால் ஒழுங்காகச் செய்கிறார்கள். இரவில் தனியாக இருக்கும்போது, பிபியைத் தூக்கி நிறுத்தும் நார்அட்ரினலின் தீர்ந்து பம்பில் சிரிஞ்சு மாற்றும் நேரத்தில் மேப் (சராசரி ரத்த அழுத்தம்) 65-க்குக் கீழே போகிறது. பதறிப்போய் மருந்தை ஒரேயடியாக (போலஸ்) தள்ளுகிறார்கள். உடனே சிஸ்டாலிக் (பிபியின் மேல் எண்) 180 தாண்டுகிறது.

விவரம்: 50 மில்லியில் 4 மி.கி., மணிக்கு 2–3 மில்லி, சென்ட்ரல் லைன் (இதயத்தருகே பெரிய ரத்தக்குழாயில் போடும் குழாய்) வழியாக. இவ்வளவு மெதுவான ஓட்டத்தில் பம்ப் புஷருக்கும் (தள்ளும் பாகம்) சிரிஞ்சின் பிளஞ்சருக்கும் நடுவிலுள்ள தளர்வு அடைபடவே பல நிமிடம் பிடிக்கும். அதுவரை திரையில் எண் ஓடும், மருந்து போகாது. இந்தக் காரணத்தைக் கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்கிறார்கள்!

செய்து பார்த்தவை: 5 மில்லி மிச்சம் இருக்கும்போதே அடுத்த சிரிஞ்சைத் தயாராக்குவது, இணைக்கும் முன் பர்ஜ் (பம்பைச் சற்று வேகமாக ஓட்டித் தளர்வை நீக்குவது), இரண்டு பம்பைச் சேர்த்து ஓட்டி மாற்றுவது, செக்லிஸ்ட். செக்லிஸ்டில் டிக் மட்டும் விழுகிறது. இரவில் உபரி பம்ப் ஒன்றுதான், அதுவும் பெரும்பாலும் வேறு படுக்கையில். பொம்மைப் பயிற்சியிலோ பிபி இறங்குவதே இல்லை.

தனியாக மாற்ற அனுமதிக்கும் முன், உங்கள் ஐசியுவில் எத்தனை மாற்றங்களை, எந்த டோஸ் அளவில், யார் நேரில் பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள்?