‘சொல்வைப்பு’ சரியாக வருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பேச்சு வராதவர்கள் டேப்லெட்டில் படப் பொத்தான்களை அழுத்திப் பேசுகிறார்கள் அல்லவா, அதில் எந்தச் சொல் எந்த இடத்தில் என்ற ஒழுங்குக்குத் தமிழில் ‘தளவமைப்பு’ போதும் என்று இங்கே ஒரு கருத்து வந்தது. எனக்கு அது போதவில்லை. செய்தித்தாள் பக்கத்துக்கும் அதே சொல்தான். பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது. இங்கே முக்கியம் கை.

சைதாப்பேட்டையில் அக்கா வீடு. அவள் மகனுக்கு ஏழு வயது. அவன் திரையில் ‘போதும்’ வலது கீழ் மூலையில் இருந்தது. பள்ளியில் யாரோ, நல்லெண்ணத்தோடுதான், உணவுப் பெயர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து மாற்றி அடுக்கிவிட்டார்கள். அன்று இரவு சாப்பிடும்போது வழக்கமான மூலையை அழுத்தினான், ‘தோசை’ என்றது. அம்மா இன்னொன்று வைத்தார். மறுபடி அழுத்தினான், மறுபடியும் தோசை. அப்புறம் தட்டைத் தள்ளிவிட்டு அழுதான். அடம் பிடிக்கிறான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அதனால்தான் ‘சொல்வைப்பு’ என்கிறேன். வைத்தது வைத்த இடத்தில் இருக்க வேண்டும் என்று வீட்டில் சொல்கிறோமே, அந்த ‘வை’. கரண்ட் போன நேரத்திலும் அஞ்சறைப்பெட்டியில் கடுகு இருக்கும் கிண்ணத்துக்கு அம்மாவின் கை தானாகப் போகும். நூலில் அதிகாரங்கள் நிற்கும் வரிசையை வைப்புமுறை என்று சொல்லும் வழக்கமும் நம்மிடம் உண்டு.

இதை வைத்துக்கொண்டால் வகைகளை ஒப்பிடுவதும் எளிது. உணவு, உடை, இடம் என்று பிரிப்பது வகைவைப்பு. பெயர்ச்சொற்களுக்குச் சரி, ‘இன்னும்’, ‘வேண்டாம்’, ‘போ’ போல நாள் முழுக்கப் புழங்கும் சொற்களை எந்த வகையில் போடுவது? ஒரு சொல்லுக்கு ஒரே இடம், அது மாறவே கூடாது என்பது நிலைவைப்பு. சொல்லுக்குச் சொல் மாறாத கை அசைவைப் பழக்கிப் பேசவைக்கும் லேம்ப் (LAMP) முறை இந்த வழியில் வந்தது. தமிழ்99 விசைப்பலகையில் கை பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒரு அறையின் படத்தையே காட்டி, அதிலுள்ள பொருளைத் தொட்டால் பேசும்படி செய்வது காட்சிவைப்பு.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று பாக்கி. ‘சாப்பிடு’ ஓரிடத்தில் இருந்தால் ‘சாப்பிட்டேன்’, ‘சாப்பிடமாட்டேன்’ எங்கே போகும்? ‘-க்கு’, ‘-இல்’ இரண்டுக்கும் தனிப் பொத்தான் வேண்டுமா? ஆங்கிலப் படப் பொத்தான் பலகையை அப்படியே பெயர்த்தால் இவற்றுக்கு இடமே இருக்காது. உருபுகளும் விகுதிகளும் நிற்கும் பகுதியை ‘ஒட்டுவைப்பு’ எனலாமா என்று யோசிக்கிறேன்.

‘வைப்பு’ என்றதும் வங்கி வைப்புத்தொகை நினைவுக்கு வரும் என்பீர்கள். சேர்த்து எழுதினால் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். பேச்சுப் பயிற்சியாளர்கள் யாராவது இங்கே இருந்தால், வகுப்பில் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.