தரம் 2 பெற்றோர் குழு: மதிலோரச் செடி

கவின் அம்மா: விளையாடும் இடத்தின் மதிலோரம் பூச்செடி வைக்க வேண்டும் என்று மிஸ் கேட்டிருந்தாரே. சனிக்கிழமை தியத்த உயன செடிக்கடைகள் பக்கம் போகிறேன். என்ன வாங்கட்டும்?

மது அப்பா: அலரி வாங்குங்கள் அக்கா. தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பூக்கும். ஆடு கூடக் கடிக்காது.

ரித்திகா அம்மம்மா: தம்பி, ஆடு ஏன் கடிக்காது என்று யோசித்தீர்களா?

ரித்திகா அம்மம்மா: இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. காய்ந்த சருகிலும் அது போகாது. இதயத் துடிப்பையே குழப்பிவிடும். மஞ்சள் அலரிக் கொட்டையும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் நான் படிப்பித்த காலத்தில் பள்ளி வேலியில் நின்றதை வெட்டுவித்தோம். புகையும் கூடாது என்பதால் எரிக்கவும் விடவில்லை.

மது அப்பா: ஐயோ, தெரியாது டீச்சர். ஆனால் விகாரைகளில் எல்லாம் அலரி நிற்கிறதே? கொழும்பில் அலரி மாளிகை என்றும் சொல்கிறோமே?

ரித்திகா அம்மம்மா: அது ஈழத்தலரி. சிங்களத்தில் அரலிய. நாங்கள் வெறும் அலரி என்பதை அவர்கள் கனேரு என்பார்கள். பெயரை மட்டும் நம்பி வாங்கினால் இப்படித்தான் மாறும். ஈழத்தலரி பெரிய மரமாகிவிடும், பாலும் பட்டால் அரிக்கும். மதிலோரத்துக்கு அதுவும் வேண்டாம்.

ஆதில் வாப்பா: ரோட்டோரம் வைக்கிறார்களே, மஞ்சள் இலை துரந்தா. நெருக்கமாக வளரும், மலிவு.

ரித்திகா அம்மம்மா: இலை அழகுதான். மஞ்சள் முத்து மாதிரிப் பழம் காய்க்கும், அது நஞ்சு. ஒழுங்காக வெட்டினால் காய்க்காது. பள்ளி விடுமுறையில் யார் வெட்டுவது?

ஆதில் வாப்பா: சரி, நான் இல்லை 😄

நிலா அம்மா: போகன்விலா?

கவின் அம்மா: முள். வேண்டாம்.

ரித்திகா அம்மம்மா: முன்வரிசைக்குக் குட்டை இக்சோரா பாருங்கள், நம் வெட்சிதான். கடையில் ரத்மல் என்றாலும் விளங்கும். வெட்ட வெட்ட அடர்ந்து வரும். பிள்ளைகள் பூவைப் பிடுங்கித் தேன் உறிஞ்சினாலும் பயமில்லை, நாங்களும் அப்படி வளர்ந்தவர்கள்தான். ஆனால் மூன்று அடிக்கு மேல் விடாதீர்கள். மறைவில் எந்தப் பிள்ளை நிற்கிறது என்று மிஸ்ஸுக்குத் தெரிய வேண்டும். மூலைக்கு இரண்டு செவ்வரத்தை போதும். அதில் வெள்ளையாக மாவுப்பூச்சி வரும். அதற்காகப் பள்ளியில் மருந்து அடிக்க வேண்டாம், சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கள்.

நிலா அம்மா: எங்கள் வீட்டில் அன்னாசி மாதிரி ஒரு பூச்செடி இருக்கிறது, புரோமிலியாட். கன்று தரட்டுமா?

மது அப்பா: அதன் நடுவில் தண்ணீர் நிற்குமே! நுளம்பு பெருகும். சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

கவின் அம்மா: கன்று வரும் கறுப்புப் பைகளிலும் மழைத் தண்ணீர் தேங்கும். நட்ட அன்றே பொறுக்க ஒருவர் வேண்டும்.

ஆதில் வாப்பா: அது நான் செய்கிறேன். வெட்டச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

கவின் அம்மா: மதில் 30 அடி. 2 அடிக்கு ஒன்று என்றால் 15 இக்சோரா. சரிதானே?

ரித்திகா அம்மம்மா: 16. தொடக்கத்திலும் ஒன்று வேண்டுமே மகள்.

கவின் அம்மா: 🙈 மூலை இரண்டிலும் செவ்வரத்தை வருகிறதே டீச்சர், அப்போது 14தானே?

ரித்திகா அம்மம்மா: அதுவும் சரிதான். 14.

மது அப்பா: செவ்வரத்தையும் சேர்த்துப் பதினாறும் உங்கள் காரில் ஏறுமா அக்கா? நான் வானோடு வருகிறேன். அலரி சொன்னதற்குத் தண்டனை.