குடகில் கண்ட பறக்கும் தவளையும் எங்கள் கொல்லைத் தேரையும்

திருவையாற்றிலிருந்து:

எங்கள் படித்துறைக்கு வரும் தண்ணீர் புறப்படும் மலையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆடி மாதம் குடகுக்குச் சென்றிருந்தேன். மழை சற்று ஓய்ந்த இரவில், காப்பித் தோட்டத்துக் காவலாளி குட்டையின் மேல் சாய்ந்திருந்த கிளையில் டார்ச் வெளிச்சத்தை நிறுத்தினார். தளிர் இலையின் பச்சையில், ஏறக்குறைய 10 செ.மீ. நீளத்தில் ஒரு தவளை அமர்ந்திருந்தது. அது தாவியபோது விரல்களுக்கு இடையிலிருந்த செம்மஞ்சள் சவ்வுகள் நான்கு சிறு குடைகளாக விரிய, காற்றில் சரிந்து எதிர்மரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் மலபார் பறக்கும் தவளை அது. 1870இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜெர்டன் விவரித்த இந்த இனம் 9 முதல் 12 மீட்டர் வரை இவ்வாறு சறுக்கிச் செல்லும்.

ஆனால் என் மனத்தை விட்டு அகலாதது அதே கிளையில் தொங்கிய நுரைக்கூடுதான். பெண் தவளை தான் சுரக்கும் நீர்மத்தைப் பின்னங்கால்களால் தயிர் கடைவதுபோல் கடைந்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடுகிறது. வெளிப்புறம் காய்ந்து இறுகினாலும் உள்ளே ஈரம் காக்கப்படுவதால் முட்டைகள் பொரிந்து, தலைப்பிரட்டைகள் கீழே உள்ள நீரில் விழுகின்றன. இதைக் காவலாளி சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு கனத்தது. எங்கள் கொல்லைத் தொட்டியின் உட்சுவரில் ஐப்பசி மழையில் காணப்படும் வெண்ணுரையைச் சோப்பு நுரை என்று எண்ணி, எத்தனையோ ஆண்டுகள் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டிருக்கிறேன். அது சுவரில் ஒட்டும் நம் வீட்டுத் தேரையின் கூடு. அதுவும் அந்த மலைத் தவளையின் குடும்பத்தைச் சேர்ந்ததே. இப்போது நுரையைக் கண்டால் அந்தப் பக்கத்துச் சுவரைத் தொடுவதில்லை.

பேராவூரணியிலிருந்து:

எங்கள் பக்கம் பருப்பில்லாத தேங்காயைத் 'தேரை மோந்த காய்' என்பார்கள். அதற்காகவே தேரையைக் கண்ட இடத்தில் அடித்துவிடும் வழக்கமும் இருந்தது. மகரந்தச் சேர்க்கை சரியாக நிகழாததாலும் பொட்டாஷ், போரான் சத்துகள் குறைவதாலுமே காய் ஒல்லியாகிறது. ஓட்டைத் துளைக்கப் பல்லோ நகமோ இல்லாத உயிரின் மேல் இந்தப் பழியைச் சுமத்தியது பெரும் அநியாயம் என்றே கருதுகிறேன்.

மன்னார்குடியிலிருந்து:

சித்திரை வெயிலில் எங்கள் குளியலறைச் சுவரில் ஒரு தேரை, எண்ணெய் தேய்த்துக்கொள்பவரைப்போல் தன் கால்களால் முதுகையும் விலாவையும் நீவிக்கொண்டிருந்ததை வெகுநேரம் பார்த்திருக்கிறேன். தோல் சுரக்கும் கொழுப்பை உடலெங்கும் பூசி, ஈரம் ஆவியாவதை அது குறைத்துக்கொள்கிறது. பூசி முடித்ததும் கால்களை உடலோடு மடக்கி, சுண்ணாம்புச் சுவரின் நிறத்துக்கே வெளுத்து, மாலை வரை அசையாமல் இருந்தது.