இருபதாவது குண்டுக்குப் பிறகு 4 மணிப் பக்கம் (வலம், கீழ்) போகுது: 10 மீட்டர் ஏர் ரைஃபிள், உதவி தேவை

புதுக்கை:
வணக்கம். 10 மீட்டர் ஏர் ரைஃபிள், பீப் சைட் (சின்னத் துளை வழியாக் குறி பார்க்கிறது), வலது கை. கிளப்பில் கொடுத்த பி.சி.பி. (சிலிண்டரில் அழுத்தக் காற்று நிரப்பிச் சுடுற) ரைஃபிள், எடை 4.6 கிலோ. 60 குண்டு முழு மேட்ச் மாதிரி சுட்டால் எப்பவும் ஒரே கதைதான். முதல் இரண்டு சீரீஸ் (ஒண்ணுக்கு 10 குண்டு) நல்லா நிற்கும், பிறகு குண்டெல்லாம் வலப்பக்கம் கீழே சாயும். நேற்றைய ஸ்கோர்: 101.9, 101.4, 100.6, 99.2, 98.5, 98.8. மொத்தம் 600.4.

எலக்ட்ரானிக் டார்கெட் கொடுத்த சீரீஸ் வாரியான க்ரூப் நடு இது. முதல் சீரீஸ் நடுவிலேயே இருக்கு. 2-வது 0.3 மி.மீ. வலம். 3-வது 1.1 வலம். 4-வது 1.4 வலம், 0.2 கீழ். 5-வது 1.5 வலம், 1.3 கீழ். 6-வது 1.4 வலம், 1.6 கீழ்.

நாலாவது சீரீஸ் முடிஞ்சதும் சைட்டை இடப்பக்கம் க்ளிக் திருப்பிடலாமா? அடுத்த மாதம் முதல் போட்டி. அதுக்கு முன்னாடி சரி பண்ணணும்.

டயாப்டர்:
தம்பி, க்ளிக்கைத் தொடாதீங்க. சீரீஸ் வாரியா நடு எங்கேன்னு எழுதினது ரொம்ப நல்லது, பாதி வேலை அதிலேயே முடிஞ்சது. அந்த எண்களைத் திரும்பப் படிங்க. வலம் போறது 3-வது சீரீஸிலேயே ஆரம்பிச்சிருச்சு. கீழே இறங்குறது 5-வதில்தான். "4 மணிப் பக்கம் சாயுது"ன்னு ஒரே கோளாறாப் பார்த்தா மாட்டிப்பீங்க. தனித்தனி நேரத்தில் தொடங்குதுன்னா காரணமும் தனித்தனி. ரெண்டையும் பிரிச்சுத் தேடுங்க.

வலப்பக்கத்துக்கு ரெண்டு சந்தேகம். ஒண்ணு, உடம்பின் இயல்பான குறி (தசையை இறுக்காம நின்னா ரைஃபிள் தானாக் காட்டுற இடம்) வலப்பக்கம் நகர்ந்து, நீங்க கை பலத்தால் அதை நடுவுக்கு இழுத்துப் பிடிக்கிறீங்க; ட்ரிகர் விழும் நொடியில் கை தளர்ந்து குண்டு வலப்பக்கம் போகுது. இன்னொண்ணு, ரைஃபிள் சாய்மானம் மாறுது, அதாவது கேன்ட்.

இதைப் பிரிச்சுக் காட்டுற சோதனைக்குச் செலவே இல்லை. ட்ரிகர் விழுந்த பிறகும் 2 விநாடி கண்ணை எடுக்காம சைட்டுக்குள்ளேயே பாருங்க. முன் சைட் ரிங் குலுங்கி அடங்கும்போது டார்கெட்டின் கறுப்பு வட்டம் எங்கே இருக்கு? ரிங் வலப்பக்கம் போய் நின்னா குறி நகர்ந்திருக்கு, கால் வைப்பைப் பார்க்கணும். ரிங் நடுவுக்கே திரும்பி வந்து, ஸ்க்ரீனில் மட்டும் குண்டு வலப்பக்கம் இருந்தா அது கேன்ட். 4-வது சீரீஸில் பத்துக் குண்டுக்கும் இதைப் பார்த்து எழுதிட்டு வாங்க.

கோவை60:
கீழே இறங்குறதுக்கு ஒரு கேள்வி. மேட்ச் தொடங்கும்போது சிலிண்டரில் எத்தனை பார் அழுத்தம் இருந்தது, முடியும்போது எத்தனை?

புதுக்கை:
தொடங்கும்போது 95 பார். முடிஞ்சதும் பார்த்தேன், 65 காட்டுது. 200 பார் வரைக்கும் போடலாம்னு சொன்னாங்க, ஆனா பாதி இருந்தாலே 80 குண்டுக்குப் போதும்னு விட்டுட்டேன்.

கோவை60:
குண்டு எண்ணிக்கைக்குப் போதும், வேகத்துக்குப் போதாது. உள்ளே இருக்கிற ரெகுலேட்டர் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்றை அளந்து விடுது. சிலிண்டர் அழுத்தம் அந்த அளவுக்குக் கீழே போயிட்டா ரெகுலேட்டர் செய்ய ஒண்ணுமில்லை, ஒவ்வொரு குண்டும் முன்னதைவிட மெதுவாப் போகும். பல மேட்ச் ரைஃபிளில் இந்த எல்லை 70 பார் பக்கத்தில் இருக்கும். சரியான எண்ணுக்கு உங்க ரைஃபிள் கையேட்டைப் பாருங்க.

கணக்கு போட்டுக் காட்டுறேன். பெல்லட் விநாடிக்கு 172 மீட்டர் வேகத்தில் போனா 10 மீட்டரைக் கடக்க 0.058 விநாடி. அதுக்குள்ள புவியீர்ப்பில் விழுற தூரம் 16.6 மி.மீ. வேகம் 165-க்கு இறங்கினா விழுற தூரம் 18 மி.மீ. வித்தியாசம் 1.4 மி.மீ. உங்க 5-வது சீரீஸில் இருக்கிற 1.3-க்குப் பக்கத்தில் வருது பாருங்க.

இதை நம்ப வேண்டாம், சோதிச்சுப் பாருங்க. மேசையில் மணல் பை, அதன் மேல ரைஃபிள், சைட்டை மாத்தாம 150 பாரில் 10 குண்டு. காற்றை இறக்கி 65 பாரில் 10 குண்டு. பை ரைஃபிளின் ஒரே இடத்தில் படணும், பேரலில் படவே கூடாது. ரெண்டு க்ரூப்பின் நடுவை அளந்து பாருங்க.

அப்படியே சிலிண்டரில் பொறிச்சிருக்கிற தேதியையும் பார்த்துக்குங்க. பொதுவா தயாரிப்பிலிருந்து 10 வருஷம். தேதி தாண்டினதை வெச்சுக்கிட்டுப் போட்டிக்குப் போனா பொறுப்பு சுடுறவருடையது. பாதுகாப்புக்கும் அது ஆகாது, 200 பார் விளையாட்டில்லை. நிரப்பும்போது நிதானமா நிரப்புங்க, உலர்ந்த காற்றுதான் போகணும். இணைப்பில் சாதாரண எண்ணெய் ஒரு துளிகூடப் போடாதீங்க, உயர் அழுத்தக் காற்றில் அது தீப்பிடிக்கலாம்.

மணல்பை:
மேசையில் சுடும்போதே இன்னொரு வேலையையும் முடிச்சிருங்க: பெல்லட் தேர்வு. தலை அளவு 4.49, 4.50, 4.51-னு தனித்தனி டப்பாவில் வரும். ஒவ்வொண்ணிலும் 10 குண்டு வீதம் ரெண்டு க்ரூப். துளைக் கூட்டத்தின் வெளி அகலத்தைக் காலிப்பரில் அளந்து 4.5-ஐக் கழிங்க. தட்டைத் தலை பெல்லட் தாளில் சுத்தமா வட்டம் வெட்டும், அதனால அளக்க எளிது. 10 குண்டு வெளி அகலம் 7 மி.மீ-க்குள்ள அடங்குற டப்பா கிடைச்சா அதையே நாலைஞ்சு வாங்கி வெச்சுக்குங்க, ஒரே லாட் எண் பார்த்து. விலை கூடின பெல்லட்தான் உங்க பேரலுக்குப் பொருந்தும்னு இல்லை.

பேரலைச் சுத்தம் பண்ண ஃபெல்ட் பெல்லட் (கம்பளித் துணியில் செஞ்சது) ரெண்டு மூணு விட்டா போதும். இரும்பு பிரஷ் வேண்டவே வேண்டாம். சுத்தம் செய்ததும் முதல் பத்து இருபது குண்டு வேற இடத்துக்குப் போகும், அதை வெச்சு சைட்டைத் திருப்பாதீங்க. போட்டி அன்றைக்குக் காலையில் சுத்தம் செய்யறது கெட்ட பழக்கம்.

ரைஃபிள் மேல இருக்கிற தண்டவாளத்தில் (ரெயில்) பின் சைட் உட்கார்ந்திருக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்க. சைட்டிலும் தண்டவாளத்திலும் சேர்ந்தாப்போல. கிளப் ரைஃபிளைப் பல பேர் எடுக்கிறாங்க. கோடு விலகியிருந்தா திருகு தளர்ந்திருக்குன்னு கண்ணாலேயே தெரியும்.

புதுக்கை:
மூணு நாள் சோதனை முடிஞ்சது. மணல் பையில் 150 பார் க்ரூப்பைவிட 65 பார் க்ரூப் 1.5 மி.மீ. கீழே. வலம் இடம் மாற்றமே இல்லை. 4.50 டப்பாதான் நல்லா அடங்குச்சு, வெளி அகலம் 6.8. பென்சில் கோடு நகரலை.

180 பார் போட்டு 60 குண்டு சுட்டேன். கீழே இறங்குறது நின்னுடுச்சு. வலம் போறது அப்படியே இருக்கு, 5-வது சீரீஸில் 1.5. டயாப்டர் அண்ணா சொன்ன மாதிரி ட்ரிகருக்குப் பிறகு பார்த்தேன். பத்தில் எட்டு தடவை ரிங் நடுவுக்கே திரும்புது.

டயாப்டர்:
அப்போ கேன்ட்தான். கோவை60 சொன்ன 16.6 மி.மீ. வீழ்ச்சியை ஈடு கட்டத்தான் பேரல் கொஞ்சம் மேல் நோக்கி இருக்கு. ரைஃபிள் வலப்பக்கம் சாய்ஞ்சா அந்த "மேல்" என்பதும் வலப்பக்கம் சாய்ஞ்சிரும். ஒரு டிகிரிக்கு 0.3 மி.மீ., 5 டிகிரிக்கு 1.45. உங்க 1.5 அங்கேதான் இருக்கு. கண்ணுக்குள்ள ரிங்கும் கறுப்பும் வட்டம், வட்டம் சாய்ஞ்சா தெரியாது. அதனாலதான் குறி சுத்தமா இருந்தும் குண்டு விலகுது.

சாய்மானமே தப்புன்னு நினைக்காதீங்க. வலது கைக்காரர் ரைஃபிளைக் கொஞ்சம் முகத்துப் பக்கம், அதாவது இடப்பக்கம் சாய்ச்சுப் பிடிக்கிறது இயல்பு. கழுத்து நேரா நிற்கும், அதுவே நல்லது. அறுபதுக்கும் ஒரே சாய்மானமா இருக்கணும், அவ்வளவுதான். நீங்க சைட்டர் (மேட்ச்சுக்கு முன்னாடி சுடுற, கணக்கில் வராத குண்டு) அடிக்கும்போது இடப்பக்கம் சாய்ச்சு ஜீரோ பண்றீங்க, அதாவது சைட்டை நடுவுக்குச் சரி பண்றீங்க, களைப்பு வந்ததும் ரைஃபிள் நிமிருது, குண்டு வலப்பக்கம் போகுது. என் கணிப்பு இது. முன் சைட் குழாயில் (டனல்) ஒரு குமிழ் மட்டம் மாட்டினா உறுதியாத் தெரிஞ்சிடும்.

ஏன் நிமிருதுன்னு மூணு இடத்தில் பாருங்க.

முதலில் கன்னம். களைச்சா தலையை சீக் பீஸில் (கன்னம் வைக்கிற பலகை) அழுத்துவோம், அந்த அழுத்தம் ரைஃபிளை வெளியே தள்ளி நிமிர்த்தும். சீக் பீஸை உயர்த்தி, தலையின் எடை மட்டும் அதில் படுற மாதிரி வைங்க. கண்ணை மூடி, ரைஃபிளைத் தோளில் ஏத்தி, கன்னத்தை வெச்சு, கண்ணைத் திறக்கும்போது பின் சைட்டின் துளை நேரா எதிரே இருக்கணும். கழுத்தை நீட்டியோ அழுத்தியோ தேட வேண்டி வந்தா உயரம் தப்பு.

ரெண்டாவது பட் பிளேட், தோளில் படுற பின் தட்டு. இதுதான் பெரும்பாலும் குற்றவாளி. பிளேட் நேரா நின்னு, ரைஃபிள் சாய்ஞ்சிருந்தா, தோள் குழி அதை ஒவ்வொரு தடவையும் நிமிர்த்தப் பார்க்கும். பிளேட்டின் திருகைத் தளர்த்தி, நீங்க விரும்புற சாய்மானத்தில் ரைஃபிளைத் தோளில் வெச்சு, பிளேட் குழியில் முழுசாப் படியுற கோணத்துக்கு அதைத் திருப்பி இறுக்குங்க. ஒரு தடவைக்கு 2 டிகிரி போதும். பிறகு 20 குண்டு சுட்டுப் பார்த்துட்டு அடுத்த மாற்றம். ஒரே நாளில் ரெண்டைத் திருப்பினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது.

மூணாவது இடது முழங்கை. இடுப்பெலும்பின் விளிம்பில் அது உட்காரணும். களைச்சா முன்பக்கம் வழுக்கி வயிற்றுக்கு வரும், அப்போ கை தசையால் தாங்கும், மணிக்கட்டு முறுகும். பத்துக் குண்டுக்கு ஒரு தடவை ரைஃபிளை ஸ்டாண்டில் வெச்சுட்டு 1 நிமிஷம் நில்லுங்க. ஏத்தி 8, 10 விநாடிக்குள்ள குண்டு போகலைன்னா இறக்கிடுங்க. அதுக்கு மேல கண் பழைய பிம்பத்தையே காட்டும்.

குறி நகர்ந்ததா இல்லையான்னு ஒவ்வொரு சீரீஸ் தொடக்கத்திலும் பாருங்க: ஏத்துங்க, கண்ணை மூடுங்க, ரெண்டு மூச்சு, திறங்க. ரிங் வலப்பக்கம் நின்னா, இடது கால் அசையாம வலது காலை விரல் பக்கம் ஒரு சென்டிமீட்டர் நகர்த்துங்க. இடப்பக்கம் நின்னா குதிகால் பக்கம். இடுப்பைத் திருகி நடுவுக்குக் கொண்டு வரவே கூடாது.

முன் ரிங் எத்தனை மி.மீ. போட்டிருக்கீங்க?

புதுக்கை:
3.4. கறுப்பைச் சுத்தி வெள்ளை மெல்லிசா இருந்தா துல்லியம் கூடும்னு நினைச்சேன்.

டயாப்டர்:
அது எல்லோரும் செய்யற தப்பு. வெள்ளை குறுகினா ஒவ்வொரு சின்ன அசைவும் பெரிசாத் தெரியும், பயத்தில் ட்ரிகரைப் பிடுங்குவீங்க. 4.2-ல ஆரம்பிங்க. நிறைய வெள்ளை இருந்தாலும் கண் தானா நடுவைப் பிடிச்சுக்கும்.

புதுக்கை:
குமிழ் மட்டம் மாட்டிப் பார்த்தேன். 20 குண்டுக்குப் பிறகு குமிழ் நல்லாவே நகருது. பட் பிளேட்டை ரெண்டு தடவையா 4 டிகிரி திருப்பினேன், ரிங் 4.2. நேற்று 101.6, 102.1, 101.5, 101.0, 101.3, 100.8. மொத்தம் 608.3. வலம் 0.4-க்குள்ள நிற்குது. ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும்.

போட்டி பற்றி ஒரே கேள்வி: நான் எந்தப் பிரிவில் பெயர் கொடுக்கணும்? அன்றைக்கு என்ன எடுத்துட்டுப் போகணும்?

கோவை60:
உங்க கிளப் மூலமாத்தான் பெயர் போகும். தமிழ்நாட்டில் ஓப்பன் சைட், பீப் சைட் ரெண்டும் தனித்தனிப் பிரிவு, விண்ணப்பத்தில் மாத்தி எழுதிடாதீங்க. பீப் சைட்டில் தேசிய விதிப்படி நடக்கிற என்.ஆர். போட்டியும், ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி 60 குண்டு தசம ஸ்கோர் போட்டியும் வேற வேற. நீங்க பழகுறது ரெண்டாவது. வயதுப் பிரிவும் இருக்கு. மாநிலப் போட்டி, தென் மண்டலம், பிறகு தேசியம்னு ஏறும், ஒவ்வொண்ணுக்கும் குறைந்தபட்ச ஸ்கோர் உண்டு. அந்த எண்ணை அந்த வருஷச் சுற்றறிக்கையில் மட்டும் பாருங்க, போன வருஷத்தைக் கேட்டு ஏமாறாதீங்க. என்.ஆர்.ஏ.ஐ. (இந்திய தேசிய ரைஃபிள் சங்கம்) அடையாள எண்ணுக்கு இப்பவே விண்ணப்பிங்க, அதுதான் கடைசி நேரத்தில் காலை வாரும்.

தசம ஸ்கோரில் 0.1-க்கு 0.25 மி.மீ.தான். 10.9-க்கும் 10.0-க்கும் நடுவே குண்டின் மையம் நகரும் தூரம் இரண்டே கால் மி.மீ. தகுதிச் சுற்றில் முழு எண் மட்டும் எண்ணின காலத்தில், 2008 பெய்ஜிங்கில் அபிநவ் பிந்த்ரா எடுத்தது 600-க்கு 596. அப்போ நடுப்பத்தும் ஓரப்பத்தும் ஒண்ணு. இப்போ அப்படியில்லை, உங்க 1.5 மி.மீ. விலகல் நட்ட நடுவில் படவேண்டிய குண்டில் 0.6 வரைக்கும் தின்னுட்டு இருந்தது.

நேரம்: தயாரிப்பும் சைட்டரும் சேர்த்து 15 நிமிஷம், எலக்ட்ரானிக் டார்கெட்டில் மேட்ச் 75 நிமிஷம். குண்டுக்கு 75 விநாடி. 20 குண்டு முடியும்போது கடிகாரத்தில் 50 நிமிஷம் மிச்சமிருந்தா சரியான வேகம். அந்த 15 நிமிஷத்தில் சைட்டரைக் கொட்டித் தீர்க்காதீங்க. கால் வைப்பையும் குமிழையும் பார்த்துட்டு 10, 15 குண்டு போதும்.

சாமான் சோதனையில் ஜாக்கெட் துணி ஒற்றையா 2.5 மி.மீ., இரட்டையா 5 மி.மீ. தாண்டக் கூடாது. அழுக்கும் வியர்வையும் ஏறி விறைச்ச பழைய ஜாக்கெட் விறைப்புச் சோதனையில் தோற்கும், முந்தின வாரமே காட்டிடுங்க. ரைஃபிள் 5.5 கிலோவுக்குள்ள. ஆரஞ்சுப் பாதுகாப்புக் கொடி பேரல் முழு நீளத்துக்கும் செருகியிருக்கணும், பையிலிருந்து எடுக்கும்போதே. சிலிண்டர் 180 பார்.

மணல்பை:
4.50 டப்பாவை முந்தின ராத்திரியே திறந்து, 80 பெல்லட்டை வெளிச்சத்தில் வெச்சுப் பாவாடை (பெல்லட்டின் விரிஞ்ச பின்விளிம்பு) நெளிஞ்சதை ஒதுக்கிடுங்க. எடுத்து முடிச்சதும் கை கழுவுங்க, அது ஈயம்.

புதுக்கை:
குறிச்சுக்கிட்டேன். சிலிண்டர் தேதி பார்த்தேன், இன்னும் மூணு வருஷம் இருக்கு.