புதுப்பிப்பு: பரணில் கிடைத்த தக்ளி யாருடையது?

போன மாதம் எங்கள் வீட்டுப் பரணில் கிடைத்த தக்ளியைப் பற்றி (கையால் நூல் நூற்கும் சின்னக் கருவி) எழுதியிருந்தேன். கொள்ளுத்தாத்தா உப்பு சத்தியாக்கிரகத்துக்குப் போயிருப்பார் என்று ஊகித்தும் இருந்தேன். அது தப்பு. தக்ளி கொள்ளுப்பாட்டியுடையதாம். மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் அத்தை சொன்னார்.

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு உப்பு எடுக்க வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார். அவர்களுக்குச் சோறு, தங்க இடம் கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தது என்று மரத்தையா கேட்க முடியும்!

அப்படிக் கட்டியவர்களில் எங்கள் கொள்ளுப்பாட்டியும் ஒருத்தி. கொள்ளுத்தாத்தா கிராமக் கணக்குப்பிள்ளை, சர்க்கார் சம்பளம். அவர் தூங்கிய பிறகு பாட்டி புளிச்சோற்றை வாழை இலையில் மடித்து, நாரால் கட்டி, கொல்லை வழியாகப் போவாராம். விடிந்ததும் "பானை ஏன் காலி?" என்று தாத்தா கேட்டால், "நாய் தின்னுடுத்து." (எத்தனை நாளைக்கு நாய்? தாத்தாவுக்குத் தெரிந்துதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.)

2017 ஜனவரியில் மெரினாவில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் நான் தக்காளிச் சாதப் பொட்டலம் விநியோகித்தேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி ஊர் வம்பு?" என்று அப்போது போனில் திட்டியதும் இதே அத்தைதான். அதை ஞாபகப்படுத்தினேன். "சரி சரி, காபி ஆறுது, குடி" என்றார்.